ஐந்து நட்சத்திரப் பொய்

தார்வாட் பால் பண்ணையில் பால் பரிசோதிக்கும் வேலை வேதாவதி கும்பாருக்கு. குளிரூட்டும் தொட்டியில் ஒருவன் செத்துக் கிடப்பதாகத் தொடங்கும் துப்பறியும் நாவலைக் கன்னடத்தில் எழுதி, மின்னூலாக அவளே வெளியிட்டாள். மூன்று மாதத்தில் நான்கு பேர் வாங்கினார்கள். நால்வரும் சொந்தக்காரர்கள்.

அப்போதுதான் மின்னூல் எழுதும் குருநாத் தேசாயி அவளைத் தன் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தான். நாற்பது எழுத்தாளர்கள். ஒருவர் புத்தகத்தை மற்றவர் வாங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு, புகழ்ந்து நாலு வரி எழுத வேண்டும்.

ஒரே வாரத்தில் இருபத்தாறு பாராட்டு வந்தது. வேதாவதி ஆசையாகப் படித்தாள். "கண்ணீர் வரவழைத்த காதல் காவியம்" என்றது ஒன்று. நாவலில் காதல் மருந்துக்கும் கிடையாது.

குருநாத்துக்குப் போன் போட்டாள். "சார், இவங்க யாரும் படிக்கவே இல்லையே?"

"படிச்சா என்ன, படிக்காட்டி என்ன மேடம்? ஸ்டார் ஏறுச்சுன்னா புது வாசகர் தன்னால வருவான். மொத தவணையா நீங்க ஒன்பது பேருக்கு எழுதணும், பாக்கி நிக்குது."

அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் எழுதினாள். ஒன்பதையும் புரட்டிக்கூடப் பார்க்காமல்.

பத்து நாள் கழித்து, பண்ணை கேன்டீனில் கிர்மிட் என்னும் காரப்பொரி தின்றுகொண்டிருந்தபோது, கூட வேலை பார்க்கும் ரெஹானா முல்லா கேட்டாள்.

"ஏன்க்கா, 'குடும்பத்தோடு படிக்கலாம்'னு நீ எழுதியிருந்தியேன்னு ஒரு புக்கு வாங்கினேன். அதுல ஹீரோ பொண்டாட்டிய பெல்ட்டால விளாசுறான். அவ அவன் கால்லயே விழுந்து மன்னிப்புக் கேக்குறா. அதுதான் நல்ல குடும்பமாம். நீ படிச்சியா, இல்லையா?"

"படிக்கல."

ரெஹானா தட்டைத் தள்ளி வைத்தாள். "என் மகளுக்கு வேற அனுப்பித் தொலைச்சேன். தூ!"

வேதாவதி வீட்டுக்குப் போய் அந்தப் புத்தகத்தைப் படித்தாள். மூன்றாம் அத்தியாயத்துக்கு மேல் போக முடியவில்லை. எழுதினவனைவிட, பாராட்டின் கீழே பளிச்சென்று நின்ற தன் பெயர்தான் அதிகம் அருவருப்பாக இருந்தது. ஒன்பது பாராட்டையும் அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள்.

மறுநாளே, கண்ணீர் விட்டவர்கள் எல்லாம் அவள் நாவலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். "குப்பை" என்று எழுதியிருந்தார் காதல் காவியக்காரர். இப்போதும் அவர் படித்திருக்கவில்லை.

 வேதாவதி நாவலை ஐந்து நாளைக்கு இலவசமாக விட்டாள். அதன் முடிவில், அப்போதுதான் வெளியிட்டிருந்த இரண்டாவது நாவலின் முதல் அத்தியாயத்தைச் சேர்த்து, தன் மின்னஞ்சலைக் கொடுத்து, "பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்" என்று போட்டாள்.

முதல் கடிதம் பாகல்கோட்டிலிருந்து, ஒரு டேங்கர் லாரி ஓட்டுநரிடமிருந்து வந்தது. "நீங்கள் எழுதியதுபோல் அந்தத் தொட்டி மூடியை உள்ளேயிருந்து திறக்க முடியாதம்மா. யாரையாவது கேட்டு எழுதக்கூடாதா? அடுத்த புத்தகத்தை வாங்கிவிட்டேன்." பால் பண்ணையிலேயே வேலை பார்க்கும் அவளுக்கு முகம் சுட்டது. அன்றே அந்த இடத்தைத் திருத்தினாள். இரண்டாவது நாவலை முன்பின் தெரியாத பதினொரு பேர் வாங்கினார்கள்.

ரெஹானாவும் அதைப் படித்தாள். "கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிடுச்சுக்கா."

"அதையே எழுது."

எழுதினாள். மூன்று நட்சத்திரம்.

வேறு குழுக்களிலிருந்து இன்னும் அழைப்பு வருகிறது. பாலில் விழுந்த ஈயை எடுத்து எறிவதுபோல் வேதாவதி ஒவ்வொன்றையும் அழிக்கிறாள். அந்த ஒன்பது பொய்யை நம்பி இன்னும் எத்தனை பேர் வாங்கினார்களோ, அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.