எம்.பி.யின் கடித மேசை

எம்.பி.க்குக் கடிதம் எழுதிக்கொடுப்பவருக்குக் கை ஓடினால் போதும், வாய் ஓடக் கூடாது. பல்கலைக்கழக விடுமுறையில் மாத்தளையில் அந்த வேலைக்குப் போன எனக்கோ வாய்தான் முதலில் ஓடும். சிபாரிசுக் கடிதத்துக்காகக் கால்கடுக்க நின்றிருப்பீர்களே, உங்களுக்கு என் பாடு புரியும்.

எல்லாரையும் தெரியும்

எங்கள் கடிதங்கள் எல்லாம் "இவரைப் பல வருடங்களாக அறிவேன்" என்றே தொடங்கும். ஒருநாள் கடைக்கார ஹாஜியார் ஒருவர், வேலை தேடும் மகனை அழைத்து வந்தார். "இந்தப் பையனை இப்பதானே பார்க்கிறீங்க?" என்று எம்.பி.யிடம் சண்டைக்குப் போனேன். அவர் சிங்களவர், ஆனால் தமிழ் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"தெரியாதுன்னு சொன்னா, அடுத்த எலக்சன்ல அவனுக்கு என்னைத் தெரியாது மகள்."

வில்கமுவ பஸ்

தேர்தலுக்குத் தேர்தல் எம்.பி. தருவதாகச் சொன்ன பஸ் இன்னும் வரவில்லை என்று வில்கமுவ விவசாயி ஒருவர் வந்தார். "பிறகு ஏன் இவருக்கே போடுறீங்க?" என்று பொரிந்தேன். மனிதர் கோபப்படவில்லை, தங்கச்சியிடம் பேசுவதுபோல் சிரித்தார்.

"பஸ் வந்துட்டா அவரு எதுக்கு எங்க ஊருக்கு வரப்போறாரு, நங்கி?"

இரண்டு வரி

லெட்சுமி எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். குடியுரிமை விசாரணைக்கு வரச்சொன்ன கடிதம் தோட்டத்து ஆபீசிலேயே கிடந்து, தேதி போனபின் அவள் கைக்கு வந்தது. ஆள் வரவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு தேதி கிடைக்காவிட்டால், பாட்டன் பூட்டன் விட்டுவந்த, இவள் கண்ணால் காணாத இந்தியாவுக்குப் புருஷன் பிள்ளைகளோடு போக வேண்டியதுதான்.

அவளுக்கு வோட்டு இல்லை. தோட்டத்து மக்களின் வோட்டைப் பறித்த நாள் முதல் இருபது வருஷமாகப் பாராளுமன்றத்தில் எம்.பி. அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஆனாலும் அன்று என்னை எழுதச்சொல்லி இரண்டு வரி சொன்னார்: தவறு இவளுடையதல்ல, கருணைகூர்ந்து இன்னொரு தேதி தரவும்.

கருணையா? உரிமையல்லவா! கொதித்துப்போய் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். சட்டத்தின் வெட்கக்கேடு, அதிகாரிகளின் மனச்சாட்சி, ஒன்றையும் விடவில்லை. வஹகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு அவசரமாகக் கிளம்பிய எம்.பி., என்னை நம்பி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரிகளை அவமதிக்கும் கடிதத்தைப் பரிசீலிக்க முடியாது என்று பதில் வந்தது. எம்.பி. தன் கையாலேயே அந்த இரண்டு வரியை எழுதி அனுப்பினார். அதற்குள் லெட்சுமியின் விண்ணப்பக் கோப்பை மூடிவிட்டிருந்தார்கள். திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். என் கடிதத்தின் பிரதியை ஆறுதலாக வரிவரியாகப் படித்து முடித்தார்.

"நீ எழுதினது அத்தனையும் சரி மகள், அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தேதி."

சொல்லிக்கொள்ள வந்தவள்

இந்தியாவுக்குப் புறப்படுமுன் லெட்சுமி வந்தாள், கையில் ஒரு பொட்டலம் தேயிலையோடு. நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"பெரிய கடுதாசியா எழுதுனீங்களாமே அம்மா, எங்களுக்காக யாரு இம்புட்டு எழுதியிருக்காங்க?"

இருபது வருஷம் வாய் திறக்காத அவரும், ஒரே நாளில் இரண்டு பக்கத்துக்குத் திறந்த நானுமாகச் சேர்ந்து அந்தக் குடும்பத்தை ஒழுங்காகக் கப்பலேற்றி வைத்தோம்.