அணைந்த மைக்கின் பாடகர்

“நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே. கம்பெனிக்காரன் என்ன எழுதியிருக்கான், சொல்லு” என்று கடிதத்தை நீட்டினார் சித்தப்பா. எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றிருந்தோம். அவருடைய குழுவினர் மூவரும் கூடத்தில் காத்திருந்தார்கள். நல்ல செய்தியைத் தானே போய் அறிவிக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

“பாட்டைப் பதிவு பண்ணி வெளியிடறாங்களாம். ஒப்பந்தத்துல மூணு பேர் பேரு இருக்கு சித்தப்பா. டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு.”

“என் பேரு மேல இருக்கும் பாரு. லீடர் பேரை மேலதான் போடுவாங்க.”

“மேலயும் இல்ல, கீழயும் இல்ல. பாடகர் வேண்டாம்னு தனியா ஒரு வரி இருக்கு.”

கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“யாரையும் எடுக்கலன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவானுங்க.”

“மாட்டேன்.”

“உன்னப் பெத்த மக மாதிரி நெனச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

அவர் அப்படி நினைத்ததற்கு வேறு சாட்சி இல்லை.

பதினோரு வருடங்களாக, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பாரில் அவர் பாடிவந்தார். அதைப் பாட்டு என்று சொன்னது அவர் மட்டும்தான். சுருதி ஒரு பக்கம் போனால் அவர் ஒரு பக்கம் போவார். மூவரும் அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சிரிப்பதோடு சரி. அந்த மங்கலான அறையிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார். பெரிய பாடகர்கள் கழற்றுவதில்லையாம்.

அந்தக் கண்ணாடிதான் வழி திறந்தது. ஒரு மழை மாலையில் மைக்கின் பாட்டரி தீர்ந்து, அதன் பச்சை விளக்கு அணைந்தது. அவருக்குத் தெரியவில்லை. தன் குரலைக் காதால் கேட்கும் வழக்கமும் அவருக்கு இருந்ததில்லை. கையை வீசி வீசி முழுப் பாட்டையும் பாடினார். வாசிப்பு நின்றால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள், என்ன நடந்தாலும் நிறுத்தாதே என்பது பார் முதலாளியின் கட்டளை. ஆகவே மூவரும் நிறுத்தவில்லை. அன்றுதான் முதன்முறையாக அவர்கள் வாசித்தது எல்லோர் காதிலும் விழுந்தது. குடித்துக்கொண்டிருந்தவர்கள் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். மழைக்கு ஒதுங்கியிருந்த இசைக் கம்பெனிப் பெண் ஒருத்தி அதைப் போனில் பதிந்துகொண்டாள். மூவரின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டாள். சித்தப்பாவிடம் கேட்டது முகவரி மட்டும். தன் பெயர்தான் ஊருக்கே தெரியுமே என்று அவரும் எண்ணிக்கொண்டார்.

கூடத்துக்குப் போய், உள்ளதை உள்ளபடி படித்தேன். “அண்ணன் இல்லாம எப்படி?” என்று டிரம்ஸ்காரர் கலங்கினார். பேனா கிடைக்கும்வரை மூவருமே கலங்கினார்கள்.

இசைத்தட்டு வெளிவந்த வாரம் சித்தப்பா மறுபடி வந்தார். வீட்டுக்குள்ளும் அதே கண்ணாடி. வெள்ளைத் தாளும் உறையும் அவரே வாங்கி வந்திருந்தார்.

“கம்பெனிக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா. அந்தப் பாட்டுல கேக்காம இருக்கிற குரல் என்னோடதுதான், அட்டையில பேரு போடணும்னு.”