முதல் மூலையில் நின்ற பார்னி

யூகலிப்டஸ் எண்ணெயின் மணம் எங்கிருந்தாவது வந்தால் எனக்குத் தடிமனோ தலையிடியோ நினைவுக்கு வருவதில்லை. ஈரப் புல்லும், மூடுபனிக்குள் பாதி கரைந்து நிற்கிற ஒரு பெரிய மனிதரின் முதுகும்தான் வரும். முழங்கால்களில் அந்த எண்ணெயை அவர் அவ்வளவு தாராளமாகத் தேய்த்துக்கொள்வார். பனி கட்டியாக இறங்கிய நாட்களில், ஆளைப் பார்க்குமுன்பே, பார்னி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்கு ஒன்பது வயது. மெல்பேர்ணில் ரயில் பாதை முடிந்துபோகிற கிளென் வேவர்லியில், ஆப்பிள் தோட்டங்களை வெட்டி வீடுகள் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா மருத்துவமனையில் தாதி. சனிக்கிழமைகளில் அவருக்கு வேலை இருந்ததால், மத்தியானம் சாப்பிட்டதும் அப்பா ஒரு மடிக்கதிரையையும் பிளாஸ்கில் தேநீரையும் தூக்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு எதிரே இருந்த மைதானத்துக்குப் போய்விடுவார். பேஸ்போலை அப்போது அங்கே குளிர்காலத்தில்தான் விளையாடினார்கள். ஊர் முழுக்கக் கால்பந்துக்குப் போக, இந்தப் பக்கம் இருபது முப்பது பேர் நின்று பார்ப்பார்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அப்பா தீர்ப்புச் சொன்னார்: "உது எங்கட எல்லேதான் பிள்ளை. தொப்பி போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்."

எல்லே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் விளையாடுகிற விளையாட்டு. கம்பால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடவேண்டும். அப்பா அதில் சூரனாம். ஆகவே இங்கே மைதானத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் அவர் தமிழில் பெயர் வைத்துவிட்டார். பந்தை வீசுபவன் "எறிகாரன்", அவனுக்கு எதிரே குந்தியிருப்பவன் "பிடிகாரன்", அடித்தவன் ஓடிவந்து தொடவேண்டிய இடங்கள் "முதல் மூலை", "இரண்டாம் மூலை", "மூன்றாம் மூலை". இன்றுவரைக்கும் இவற்றின் ஆங்கிலப் பெயர்கள் எனக்கு வாயில் சட்டென்று வருவதில்லை.

அப்பா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நீண்ட காலம் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே வந்து தபால் பிரிக்கும் நிலையத்தில் நின்றபடியே உறைகளைத் தட்டுகளில் போட்டுக்கொண்டிருந்தார். யாரைப் பற்றியும் ஒரு குறிப்பு எழுதவோ, ஒருவரைச் சிபாரிசு செய்யவோ அங்கே அவருக்கு இடமில்லை. அதனால் அவர் அந்த அணியையே தன்னுடைய அலுவலகமாக்கி, "கந்தோர்" என்று சொல்லிக்கொண்டார். நீல மட்டைக் கொப்பி ஒன்றில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அதில் குறிப்பெழுதுவார். எறிகாரன் கெட்டிக்காரன், ஆனால் பாதி ஆட்டத்தில் தோள் சோர்ந்துவிடும், ஓய்வு கொடுக்கவேண்டும். மூன்றாம் மூலைக்காரன் சோம்பேறி. பந்து வந்து நெஞ்சில் பட்டால்தான் ஆட்டம் நடப்பது அவனுக்குத் தெரியவரும். பக்கத்து ஊர் அணிக்கு இந்தச் சோம்பேறியைக் கொடுத்துவிட்டு அங்கேயுள்ள ஒல்லிப் பையனை வாங்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் திட்டம். அதற்கு அவர் சொல்கிற சொல் "இடமாற்றம்". மூன்றாம் மூலைக்காரன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம், "உவனை முல்லைத்தீவுக்கு மாத்தவேணும்" என்று பல்லைக் கடிப்பார். கச்சேரியில் வேலை செய்யாதவர்களைத் தூக்கிப்போடுகிற தொலைதூர ஊர் அது.

நான் கொப்பியைப் பார்க்கமாட்டேன், பார்னியைப் பார்ப்பேன். அவர் முதல் மூலையில் நிற்பவர், நாற்பதை நெருங்கியவர், தண்ணீர்க்குழாய் வேலை செய்கிறவர். எங்கள் கதிரை முதல் மூலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவர் தன் இடத்துக்கு நடந்துவரும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துத் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார், சிரிக்கக்கூடமாட்டார். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார ஒருத்தியும் வராத வருடம் அது. அந்த இரண்டு விரலுக்காக நான் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருந்தேன். பந்து உயர எழுந்து பனிக்குள் காணாமல் போகும். எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எங்கிருந்தோ மெதுவாக இறங்கி வந்து அவருடைய கையுறைக்குள் விழும். அப்போது எனக்கு, உலகத்தில் எதுவும் கெட்டுப்போகாது என்று தோன்றும்.

அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாம் அணியில் நிக்கோ என்று ஒரு கிரேக்கப் பையன் இருந்தான், பதினேழு வயது, இடக்கைக்காரன். முதல் மூலைக்கு இடக்கைக்காரன்தான் பொருத்தம், அவனுடைய கையுறை மைதானத்தைப் பார்த்தபடி இருக்கும், பந்தைப் பிடித்ததும் உடம்பைத் திருப்பாமல் எறியலாம் என்று அப்பா எனக்கு ரொட்டித் துண்டுகளை மேசையில் வைத்து விளக்கினார். அவர் சொன்னது சரி என்று எனக்கும் விளங்கியது. விளங்காமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"உந்தாள் நல்ல மனுசன்தான், ஆனா முழங்கால் போயிட்டுது. பெடியன் வளர்ந்து வாறான். உவங்களுக்குக் கண் தெரியேல்லை. ஒரு பெட்டிசம் போடவேணும்," என்றார் ஒருநாள்.

எங்கள் ஊரில் மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுவதைப் பெட்டிசம் என்பார்கள். பெயர் போடாமல் எழுதினால் மொட்டைப் பெட்டிசம். கச்சேரியில் இருந்தவர்கள் அதைப் பெறவும் பழகியிருந்தார்கள், எழுதவும் பழகியிருந்தார்கள். அம்மா அரிசி கழுவிக்கொண்டே, "உங்கட பெட்டிச வியாதி கடல் தாண்டியும் விடேல்லையே?" என்று கேட்டார். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னுடைய எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொல்லி, என்னைக் குசினி மேசையில் உட்கார்த்தி, ஆங்கிலத்தில் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். மிகுந்த தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன் என்றுதான் கடிதம் தொடங்கியது. அந்த ஊரில் அப்படி எழுதுகிற ஆள் ஒரேயொருவர்தான் இருக்கமுடியும் என்பது அவருக்கு ஏனோ தோன்றவில்லை. "மேற்படி ஆட்டக்காரரின் முழங்கால்கள் தம் சேவைக்காலத்தை முடித்துவிட்டன" என்ற வசனம் வந்தபோது என் பேனை நின்றது.

"எழுது பிள்ளை. அவருக்கும் அது நல்லதுதானே."

எழுதினேன். பள்ளிக்கூடத்தில் புதிதாகப் பழகியிருந்த கூட்டெழுத்தில், வளைவுகள் எல்லாம் அழகாக விழ எழுதினேன். கடைசியில் "நலன்விரும்பி ஒருவன்" என்று போடச் சொன்னார். அதையும் போட்டேன். கடிதம் அணியின் நிர்வாகக் குழுவுக்குத் தபாலில் போனது.

வியாழக்கிழமை மாலைகளில் அந்த வார அணியின் பட்டியலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மில்க் பாரின் கண்ணாடியில் ஒட்டுவார்கள். பாலும், பாண் என்று நாங்கள் சொல்கிற ரொட்டியும், மிட்டாயும் விற்கிற சின்னக் கடை அது. பட்டியலில் செல்லப் பெயர்கள் மட்டும்தான் இருக்கும். பாண் வாங்கப் போன நான் அன்று கண்ணாடியில் இரண்டு தாள்களைக் கண்டேன். ஒன்றில் முதல் மூலைக்கு நேரே நிக்கோவின் பெயர் இருந்தது, பார்னியின் பெயர் கீழே இரண்டாம் அணியில் இருந்தது. மற்றது என்னுடைய கூட்டெழுத்து. குழுவில் யாரோ வேடிக்கைக்காக ஒட்டியிருக்கவேண்டும். கடிதத்தைப் பார்த்துத்தான் அவரை இறக்கினார்களா, அதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

பார்னி அதன் முன்னே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். வேலை உடுப்பில் இருந்தார், தலையில் தொப்பி இல்லை. நான் திரும்பி ஓடியிருக்கலாம், பாண் காசைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அவர் என்னைக் கண்டார். கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய், அங்கே விளிம்பு இல்லாததால் முடியைக் கோதிவிட்டு இறங்கியது. பிறகு, அவ்வளவு நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"நல்ல எழுத்து, இல்லையா? யார் எழுதியது என்று உனக்குத் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று வாயாலும் சொன்னேன்.

அவர் எழுத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தத் தாளின் நான்கு மூலைகளையும் கிழியாமல் நகத்தால் மெதுவாகக் கிளப்பி, இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "முழங்கால் விஷயம் உண்மைதான்" என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து போனார். மாலை வேலைக்குப் போயிருந்த அப்பா அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. கேலிக்கு ஒட்டியதை அவர் பார்க்கவேண்டாம் என்றுதான் பார்னி அதை எடுத்துப்போனார் என்று எனக்குப் புரிய நெடுநாள் சென்றது.

அந்தச் சனிக்கிழமை நிக்கோ அருமையாக விளையாடினான். அப்பா சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே நடந்தது. கொப்பியில் எழுத நிறைய இருந்தும் அவர் பேனையை மூடிவைத்துவிட்டு, "உந்தாள் வரேல்லையோ?" என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார், அதற்கடுத்த வாரமும். இரண்டாம் அணியிலும் பார்னி விளையாடவில்லை. குளிர்காலம் முடிகிற சமயத்தில், வெயிலைத் தேடிக் குயின்ஸ்லாந்துக்குப் போய்விட்டாராம் என்று மில்க் பார்க்காரி சொன்னாள். அப்பா அன்று, "ச்சே, அந்தாளைப் பெடியளைப் பழக்கிறவராயாவது வச்சிருக்கலாம்" என்றார். அதற்கும் ஒரு கடிதம் எழுதினார், இந்த முறை தன்னுடைய கையால், முழுப் பெயரும் முகவரியும் போட்டு. பதில் வரவில்லை. கண்ணாடி முன்னே நடந்ததை நான் அவருக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது பேஸ்போல் கோடைக்கு மாறிவிட்டது. மைதானத்துக்கு வேலியும் விளக்கும் வந்துவிட்டன, அந்தப் பனியைக் காணோம். நல்ல பள்ளிக்கூடத்து எல்லைக்குள் வரவேண்டும் என்று நம்மவர்கள் வீடு தேடுகிற ஊராகிவிட்டது கிளென் வேவர்லி. மில்க் பார் இருந்த இடத்தில் வீடு விற்கிற கந்தோர் இருக்கிறது. போன ஆனியில் அதன் முன்னே சற்று நின்றேன். உள்ளேயிருந்து ஒரு தமிழ்ப் பெண் வந்து, "அன்ரி, என்ன மாதிரி வீடு பாக்கிறீங்கள்?" என்று அன்பாகக் கேட்டாள். பார்னியைப் பற்றி அவளிடம் என்னவென்று விசாரிப்பது? அது அவருடைய சொந்தப் பெயர்தானா என்றுகூட எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"ஓம், என்னுடைய எழுத்துத்தான்" என்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் கோபித்திருக்கமாட்டார். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் தெரியாது என்றேன்.