பேசுகிற எலி வைத்திருந்த தேவசகாயம்

வரதராஜன்பேட்டையில் தேவசகாயத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. மாதா கோயிலில் மணியடித்து, மெழுகுதிரி ஏற்றி, பூசைக்குத் தூபக்கலசத்தில் நெருப்பு எடுத்து வைக்கும் கோயில்பிள்ளை அவர். நல்ல மனிதர்தான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பிடிவாதம்.

யுத்த காலத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அவருடைய மைத்துனன் செல்லதுரை இரண்டு வெள்ளெலிகளைக் கொண்டுவந்தான். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வளர்க்கும் எலிகளுக்குத் தீனி வைப்பது அவன் வேலை.

"அக்காவுக்குத் தொணையா இருக்கட்டும் மச்சான்" என்றான்.

தேவசகாயத்துக்கும் மரிய புஷ்பத்துக்கும் பிள்ளையில்லை. பழைய தேயிலைப் பெட்டியில் உமியைக் கொட்டி எலிகளை விட்டார்கள். பவளம், வைரம் என்று பேர் வைத்தார்கள். பிள்ளையில்லாத வீட்டில் கிழவன் துள்ளி விளையாடினானாம் என்று ஊர் சிரித்தது. வளையை வெட்டி வயல் எலியைப் பிடிக்கிற ஊரில், எலிக்குச் சோறு ஊட்டினால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

பவளம் புஷ்பத்தின் செல்லம். அவள் உட்கார்ந்தால் அதற்கு மடிதான் வீடு.

மழைக்காலம் பிறந்ததும் பவளத்திடமிருந்து க்ளுக், க்ளுக் என்று மெல்லிய சத்தம் வர ஆரம்பித்தது. தேவசகாயம் அதைக் காதோரம் வைத்துக் கேட்டார். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"புஷ்பம், இது பேசுது புள்ள!"

பேசும்போதெல்லாம் ஒரு நிலக்கடலை கொடுத்தார். பூசை முடிந்து போகிறவர்களை நிறுத்தி, அவர்கள் காதிலும் வைத்துக் காட்டினார்.

"ஏங்க, அது பேச்சு இல்லீங்க. எங்கப்பாரு இழுப்புல கெடந்தப்ப நெஞ்சுல இப்புடித்தான் கேட்டுச்சு" என்றாள் புஷ்பம்.

"எலிக்கு ஏது இழுப்பு? போ, வேலையப் பாரு."

பவளம் தும்மத் தொடங்கியபோது மறுபடி சொன்னாள். "உமித்தூசு ஏறியிருக்கும்" என்றார். தூசு என்று தெரிந்த மனிதர் உமியை மாற்றினாரா? அதுவும் இல்லை. மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் மேலே இன்னொரு கை உமி போடுவார், அவ்வளவுதான்.

பிறகு பவளம் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்தது. கண்ணோரமும் மூக்கும் சிவப்பாகக் கசிந்தன. ரத்தம் என்று நினைத்து தேவசகாயம் நடுங்கிப்போனார். ஊருக்கெல்லாம் காட்டிக் கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினார். கோயிலில் மந்திரித்த சாம்பிராணியைக் கொண்டுவந்து, காலையும் மாலையும் பெட்டிக்குள் புகை போட்டு, புகை வெளியே போகாமல் சாக்கால் மூடினார்.

"புகை வேணாங்க, அதுக்கு மூச்சு முட்டும்" என்றாள் புஷ்பம். கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

"மந்திரிச்ச புகை எங்கயாச்சும் கெடுதல் பண்ணுமா?"



அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்த செல்லதுரை வாசலிலேயே முகத்தைச் சுளித்தான். நேரே போய்ச் சாக்கை உருவி எறிந்தான்.

"அய்யோ மச்சான், அது ரத்தம் இல்ல. சீக்கு வந்தா எலிக்குக் கண்ணுலயும் மூக்குலயும் ஊறுற நீரே செவப்பா வரும். இது நெஞ்சுச் சீக்கு. தூசும் நெடியும் புகையும்தான் அதுக்கு எமன். சத்தம் கேட்ட அன்னிக்கே தனியா பிரிச்சிருக்கணும். வைரத்துக்கும் ஒட்டியிருக்கும். இனி உமியே வேணாம், பழைய துணி போட்டுத் தெனம் மாத்துங்க. கதகதப்பா வச்சுக்குங்க. அடியோட தீராது, அடக்கி வைக்கலாம்."

எல்லாம் செய்தார்கள். அடுப்புப் புகை எட்டாத அறையில் பவளத்தைத் தனிக் கூடையில் வைத்து, சுடுதண்ணீர்ப் புட்டியைத் துணி சுற்றி அணைவு கொடுத்து, கஞ்சித்தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள் புஷ்பம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இரண்டு விலாவும் உள்ளே ஒடுங்க, பவளம் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மறுநாள் காலை அவள் மடியிலிருந்து மெல்ல நகர்ந்து, பக்கத்தில் இருந்த தேவசகாயத்தின் தோளில் ஏறி, அவர் காதருகே போய் நின்றது. அந்தச் சத்தத்துக்குத்தானே கடலை கொடுத்துப் பழக்கியிருந்தார்? அங்கேயே அதன் மூச்சு அடங்கியது.

"பேசுதுன்னு ஊரெல்லாம் சொன்னேனே பாவி" என்று மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் அப்போதே சொன்னேனே என்று புஷ்பம் குத்திக்காட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து புஷ்பம் எதையும் இரண்டாம் தடவை சொல்வதில்லை. கூரை ஒழுகினாலும் சரி, தனக்கே காய்ச்சல் என்றாலும் சரி, ஒரே தடவைதான். கேட்டால் கேட்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவாள். கோபமும் இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் இல்லை. அதுதான் தேவசகாயத்தைத் தின்றது.

மறுவருஷம் மழையில், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வைரம் தும்முது" என்றாள். எச்சில் கையோடு எழுந்தவர், ஓடிப்போய்க் கையைக் கழுவி, பெட்டியில் துணியை மாற்றி, வைரத்தின் விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். திரும்பி வந்தபோது சோறு காய்ந்திருந்தது.

"நெஞ்சுல சத்தம் இல்ல. நீயும் ஒருவாட்டி கேட்டுப் பாரேன் புஷ்பம். உனக்கு என்ன தோணுது, சொல்லு."

"அதான் சொல்லிட்டேனுங்களே" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.