வேர்த்த சுவர்

திண்டிவனத்தில் ஒரு பழைய கிடங்கைத் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் விடுதியாக மாற்றினோம். நான் சைட் சூப்பர்வைசர். எதையும் இடிக்கவில்லை. பழைய சுவர், பழைய தேக்குச் சட்டம். புதிதாகக் கழிப்பறை, கூரையில் சோலார், பன்னிரண்டு கட்டில். வாடகை குறைவு.

பெண்கள் குடிவந்த இரண்டாம் மாதம், பங்குனி வெயிலில் அவர்களில் ஒருத்தியான செல்வி போன் செய்தாள். மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். காலணிக் கம்பெனியில் காலை ஆறு மணி ஷிப்ட்.

"சார், செவுரு வேர்க்குது. வந்து பாருங்க."

போனேன். பூச்சு உப்பியிருந்தது. பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, அடியில் வெள்ளைப் பொடி.

"மழைத் தண்ணி எறங்குதும்மா. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சா நின்னுடும்."

"மழையா? மாசியிலேர்ந்து ஒரு தூத்தல் இல்ல. எங்கேர்ந்து சார் எறங்குது?"

அதைக் காதில் வாங்காமல் கோட்டிங் அடித்தேன். இரண்டே வாரம், அதுவும் பாளம் பாளமாகக் கழன்றது. சுவருக்குள் ஸ்விட்ச் பாக்ஸ் துருப்பிடித்து, ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, கை உதறியதோடு போயிற்று.

ஓனர் வந்தார். "பேஜாரா பூடுச்சுபா. எல்லாரையும் காலி பண்ணச் சொல்லு. பழையபடி கோடவுனாவே வுட்டுடறேன்."

காலி செய்தால் பெண்களுக்கு வேலை போகும். குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் ஆறு மணிக்கு வந்து சேர முடியாது. செல்வி கெஞ்சவில்லை. வெள்ளைப் பொடியை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள்.

"உப்பு சார். கருவாடு போடற வூட்ல பொறந்தவளுக்குத் தெரியாதா? இங்க இன்னா வெச்சிருந்தாங்க மொதல்ல?"

ஓனர் தலையைச் சொறிந்தார். "அப்பா காலத்துல உப்பு மூட்டை அடுக்கினு இருந்தாரு. அது எந்தக் காலமோ!"

செங்கல் அந்தக் காலத்தை மறக்கவில்லை. குடித்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்க, நான் சிமெண்டும் பெயிண்டும் பூசி அதன் மூச்சை அடைத்திருந்தேன். பூச்சைக் கொத்தி, ஈரக் களிமண் அப்பி உப்பை உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். மூன்று மாதம் என்றேன்.

"மூணு மாசம் யாருபா காத்துக்கினு இருப்பா?" என்றார் ஓனர்.

"ஒரு பக்கத்த கொத்துங்க, பன்னெண்டு பேரும் இன்னொரு பக்கம் படுத்துக்கறோம்," என்றாள் செல்வி. "நெருக்கிக்கினு படுக்கறது எங்களுக்கு இன்னா புதுசா? எங்களுக்கு ஷிப்ட் வேணும், உங்களுக்கு வாடகை வேணும்."

"இந்தப் பொண்ணு பேசறத பாத்தா, இதுதான் ஓனரு மாரி கீது," என்று சிரித்தார். சரி என்றார்.

அன்றே ஸ்விட்சுகளைச் சுவரிலிருந்து கழற்றி, வெளியே பிவிசி பைப்பில் வயர் ஓட்டினேன். தூசியும் தும்மலுமாகப் பாதி பாதியாக வேலை நகர்ந்தது. ஒருத்தியும் ஷிப்டைத் தவறவிடவில்லை. உப்பு இன்னும் கொஞ்சம் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கிறோம்.

இப்போது பழைய கட்டடத்தில் கால் வைத்தால், அளவு டேப்பை இழுக்கும் முன்பே, இங்கே முன்பு என்ன இருந்தது என்று கேட்கிறேன். திண்டிவனத்தில் அதைக் கேட்க வேண்டிய நாளில், பெயிண்ட் என்ன கலர் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.