‘கல் கொட்ட மாட்டேன்’ என்ற வேட்பாளர்

போன ஞாயிறு மாலை, திருவொற்றியூரில் ஒரு மீனவர் குப்பம். அம்மன் கோயிலுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகள். கவுன்சிலர் தேர்தலுக்கு ஊர் சார்பில் ஒரே ஒரு பொது வேட்பாளரை நிறுத்துவது என்று முடிவாகியிருந்தது. யாரை? அதற்குத்தான் கூட்டம்.

என்னை அழைத்துப் போனவர் பஷீர் பாய். வண்ணாரப்பேட்டையில் ஜவுளி வியாபாரம். இந்தப் பக்கத்தை வாராவாரம் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்.

“கடைல துணி மடிக்கிறவனுக்கே இன்டர்வியூ வெக்கிறேன் சார். நம்மள ஆள வர்றவனுக்கு ஒரு பரீட்சை வாணாமா?”

நியாயமான கேள்விதானே? நம் சட்டம் வேட்பாளரிடம் வயதைக் கேட்கிறது... சொத்தைக் கேட்கிறது... அறிவைக் கேட்பதில்லை. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு கேட்டது. குடவோலையில் பெயர் ஏற வேண்டுமானால் இன்னின்ன படித்திருக்க வேண்டும் என்று விதி. ஆனால் அதே கல்வெட்டில் யார் யார் வரக் கூடாது என்ற பட்டியல்தான் நீளம்! கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது; அவருடைய உறவுக்காரரும் வரக் கூடாது. படிப்பை மட்டும் நம்ப அவர்களுக்கும் பயம் இருந்திருக்கிறது.

கூட்டத்துக்கு வருவோம். போட்டியில் இரண்டு பேர். தேசப்பன் — விசைப்படகு வைத்திருப்பவர், நல்ல பேச்சுக்காரர், யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நிற்பவர். இன்னொருவர் தேன்மொழி. அதே குப்பத்துப் பெண். சிவில் இன்ஜினியரிங் படித்து, காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை பார்க்கிறார்.

கடல் அந்த ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. முதல் வரிசையில் மிஞ்சியிருப்பது குப்பம்மாவின் வீடு. மீன் விற்கிறவர். அலை அவர் வாசற்படி வரை வந்துவிட்டது.

குப்பம்மா எழுந்தார். “நீங்க கவுன்சிலரா வந்தா அலைய தடுக்க என் வூட்டாண்ட கல்லு கொட்டுவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க.”

“இன்னாக்கா இப்டிக் கேட்டுட்ட? மொத லாரியே உன் வூட்டாண்டதான் வந்து நிக்கும்!” என்றார் தேசப்பன். விசில் பறந்தது.

தேன்மொழி எழுந்தார். “நான் கொட்ட மாட்டேன் அத்த.”

விசில் நின்றது.

“இங்க மட்டும் கல்லு கொட்டுனா, கடலு வடக்கால தள்ளிகினு போற மண்ணு இங்கயே நின்னுடும். வடக்கால குப்பத்துக்குப் போவாது. கடலு அவங்க வூடுங்கள எடுத்துடும். உன் பொண்ணே அங்கதான வாக்கப்பட்டுக்கீது? ரெண்டு குப்பமும் சேர்ந்துதான் கேக்கணும். வேலையையும் வடக்கால இருந்து ஆரம்பிக்கச் சொல்லணும். நம்மளுக்குக் கடைசியாதான் வரும்.”

“அதுவரிக்கும் என் வூடு?”

“தெரியாது அத்த. நிக்கும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது.”

பஷீர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “இவ்ளோ படிச்சுட்டு இப்டி பேஜார் பண்ணுதே சார்! சரின்னு சொல்லிட்டு அப்பால பாத்துக்கலாம்ல?”

நாம் புத்திசாலித்தனம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தானே?

அந்த ஊரில் ஒரு வழக்கம். கை தூக்கச் சொல்லி எண்ணுவதில்லை. முடிவால் யாருக்கு நஷ்டமோ, அவர் வாயால் ‘சரி’ வர வேண்டும். வராவிட்டால் கூட்டம் இன்னொரு நாள். ஆக, தேன்மொழி வேட்பாளராக வேண்டுமானால் சம்மதிக்க வேண்டியவர் — குப்பம்மா!

 அவர் தேசப்பன் பக்கம் திரும்பினார். “ஏன் நைனா, இது சொல்றது மெய்யா?”

தேசப்பன் தோள் துண்டைச் சரிசெய்தார். “மெய்தான்க்கா...”

“உனுக்கும் தெரியுமா?”

“கடலுக்குப் போறவனுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சிகினேதான் லாரி வுட்டியா?”

கூட்டம் சிரித்தது. தேசப்பனும் சிரித்துவிட்டார். “நீ அழுதுடுவியேன்னுதான்க்கா.”

குப்பம்மா சிரிக்கவில்லை. “ஓட்டு கேக்க வந்த எடத்துலயே எனுக்குப் புடிக்காதத மூஞ்சிக்கு நேரா சொல்லுது இந்தப் பொண்ணு. ஆபீசருங்ககிட்ட மட்டும் அவங்களுக்குப் புடிச்சதயா பேசிடப் போவுது? சரி, இதையே நிறுத்துங்க.” தேன்மொழியிடம் திரும்பினார். “ஆனா ஒண்ணு. வூட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, உன் வூட்லதான் வந்து படுப்பேன்.”

“வா அத்த.”

வேட்பாளருக்கு அறிவு வேண்டுமா? வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பஷீர் பாயின் பரீட்சை வைத்திருந்தால் அன்று இரண்டு பேருமே பாஸ்! விஷயம் இருவருக்கும் தெரியும். தோற்றாலும் பரவாயில்லை என்று அதை வாய்விட்டுச் சொன்னவர் ஒருவர்தான்.

தேன்மொழியைப் பாராட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். குப்பம்மாவை விட்டுவிட்டு எப்படி எழுத? கசப்பானதைக் கேட்டுக்கொள்ள வாக்காளர் தயாராக இல்லையென்றால், எந்த அறிவாளி வாயைத் திறப்பார்?

மறுநாள் பஷீர் பாய் போனில் ஒரு தகவல் சொன்னார். குப்பம்மா தன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுபோய் தேன்மொழி வீட்டில் வைத்துவிட்டாராம் — அட்வான்ஸாக!