இடம் மாறிய இரண்டும் ஏழும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள், மறதியும் கூடிவிட்டது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். எங்கேயாவது எனாமல் பெயின்ட் வாடை அடித்தால் மட்டும், காசிமேட்டுக் கரையில் எங்கள் படகு நின்றது நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் நைனா மீன்பிடிக்கிறவர். சொந்தப் படகு வாங்கியபோது மீன்துறை ஆபீசில் அதற்கு 142703 என்று நம்பர் கொடுத்தார்கள். எந்த நம்பரைப் பார்த்தாலும் அதிலுள்ள எண்களைக் கூட்டி, வந்ததை மறுபடியும் கூட்டி, ஒற்றை எண்ணாக்கிப் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இதைக் கூட்டினால் பதினேழு, பதினேழைக் கூட்டினால் எட்டு. "எட்டு சனி, கடலுக்கு ஆவாது" என்று கரையிலிருந்த பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எழுத்தறியாத நைனா பயந்துபோய், பெயின்டரிடம் சொல்லி இரண்டையும் ஏழையும் இடம் மாற்றி, படகின் முகப்பில் 147203 என்று எழுத வைத்தார். எப்படி மாற்றினாலும் கூட்டினால் அதேதான் வரும் என்று நான் மெல்லச் சொன்னேன்.

"டீச்சரம்மா சொல்லிட்டாங்கோ, கேட்டுக்கபா" என்று என்னைக் கிண்டல் செய்தார் பெயின்டர்.

நைனா சிரிக்கவில்லை. "எழுத்த முன்ன பின்ன போட்டா பேரே மாறிப்பூடுது, நம்பர் மாறாதா? வூட்டுக்குப் போ."

நைனா போன அந்தப் படகு ஐப்பசிப் புயலில் மாட்டித் திரும்பவில்லை. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தினமும் ஆபீசுக்கு நடந்தாள். ஆந்திராப் பக்கம் ஒரு படகு ஒதுங்கியிருக்கிறது, அதில் கிடந்த ஒருவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தந்தி வந்திருந்தது. ஆபீஸ்காரர் பதிவைப் பார்த்து, தந்தியில் இருக்கிற நம்பர் வேறு, அது உங்கள் படகில்லை என்று எங்களை அனுப்பிவிட்டார். மறுநாளும் அம்மா போய் அழுதபோதுதான், சலித்துப்போய் தந்தியிலிருந்த நம்பரை வாய்விட்டுப் படித்தார். நான் அம்மாவின் காதில், "அது நைனா எழுதவச்ச நம்பரும்மா" என்றேன்.

ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது நைனாவின் உயிர் போயிருந்தது. யாரென்று தெரியாதவர் என்று அந்த ஊர்க்காரர்களே கரையோரம் அடக்கம் செய்திருந்தார்கள். படகு மட்டும் மணலில் சாய்ந்து கிடந்தது. "இதுல ஏழு எதுடி?" என்று அம்மா கேட்டாள். நான் தொட்டுக் காட்டியதும் அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

இப்போது படகுக்குப் படகு போனும் கருவியும் வந்துவிட்டன. தந்தியும் போய்விட்டது, அந்த ஆபீஸ் இருந்த இடமும் அடையாளம் தெரியவில்லை. நான் மட்டும் பால் கவரில், பஸ் டிக்கெட்டில் இருக்கிற நீள நம்பர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். பெரியதில் சிறியதைக் கழித்தால் மிச்சம் எப்போதும் ஒன்பதால் வகுபடுகிறது. நைனாவின் இரண்டு நம்பருக்கும் வித்தியாசம் நாலாயிரத்து ஐந்நூறு, அதுவும் வகுபடுகிறது. ஆபீசுக்கு நம்பர் மாறிவிட்டது, கூட்டினால் வருகிற அந்த எட்டு மட்டும் மாறவில்லை.

நான் போட்ட கணக்கு சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஆறு எண்களையும் எல்லா விதமாகவும் போட்டு முடிக்க என்னால் ஆகவில்லை. எந்த விதத்திலாவது எட்டு மாறுமென்றால், தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். நைனா நினைத்ததும் தப்பில்லை என்று இருந்துவிட்டுப் போகட்டும்.